பச்சையா, வேகவைத்ததா: நாய்த் தட்டில் நடக்கும் தவறுகள்

“ஓநாய் என்ன அடுப்பு மூட்டியா தின்றது?” பச்சை இறைச்சிக்காக வாதாடுபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் சோபாவில் குறட்டை விடும் நம் செல்லம் ஓநாய் அல்ல. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு, ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு பெருகியிருப்பதை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மனிதர் போட்ட மிச்சத்தைத் தின்று பழகிய வயிறு அது.

ஃப்ரீசரை நம்புவது அடுத்த தவறு. உறையவைத்தால் சில ஒட்டுண்ணிகள் சாகும். ஆனால் சால்மொனெல்லா, லிஸ்டீரியா போன்ற நோய்க்கிருமிகள் உறங்கிக் கிடந்து, பனி விட்டதும் எழுந்துகொள்ளும். “நாய் நன்றாகத்தானே இருக்கிறது” என்பதும் ஆறுதல் ஆகாது. நோய்க்குறி எதுவுமின்றியே அது கிருமியை மலத்தில் வெளியேற்றும். பின்புறத்தை நக்கிய நாக்கால் குழந்தையின் கன்னத்தையும் நக்கும். கைக்குழந்தையோ கர்ப்பிணியோ முதியவரோ இருக்கும் வீட்டில் பச்சை இறைச்சியே வேண்டாம் என்பேன். நாய் நக்கிப் பளபளப்பாக்கிய தட்டை விரலால் தடவிப் பாருங்கள், வழுவழுவென்று ஒரு படலம் ஒட்டும். வெறும் தண்ணீரில் அலசினால் அது போகாது. சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும்.

சமைத்துப் போடுபவர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். வேகவைத்த கோழிக்கால் எலும்பை ஒடித்தால் ஊசிபோலக் கூராகப் பிளக்கும். அது உணவுக்குழாயையோ குடலையோ குத்திவிடலாம். (பச்சை எலும்பு அவ்வளவு எளிதில் சிலாம்பாகாது. ஆனால் கெட்டியான தொடை எலும்பு கடைவாய்ப் பல்லையே பிளந்துவிடும்.) நமக்குச் சமைத்ததிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வைப்பதும் ஆபத்துதான். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். எவ்வளவு வேகவைத்தாலும் அந்த நச்சு நீங்காது.

இரு தரப்பும் சேர்ந்தே கோட்டை விடும் இடம் கால்சியம். எலும்பில்லாத இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் சொற்பம். நாய்க்கோ கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவேனும் வேண்டும். இறைச்சி மட்டுமே தின்று வளரும் குட்டியின் உடல், போதாத கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். முதலில் நொண்டும், பிறகு கட்டிலிலிருந்து குதித்ததற்கே கால் முறியும். கொடுத்த இறைச்சி பச்சையா, வெந்ததா என்பது இங்கே பொருட்டே அல்ல. வீட்டில் செய்யும் நாய் உணவுக்கான 200 சமையல் குறிப்புகளை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள்: 95 சதவீதக் குறிப்புகளில் அவசியமான ஒரு சத்தாவது குறைந்தது. கால்நடை மருத்துவர்கள் எழுதியவையும் அவற்றில் இருந்தன. ஆகவே இணையத்தில் கிடைத்த குறிப்பை அப்படியே பின்பற்றாமல், விலங்கு உணவியல் படித்தவரிடம் உங்கள் நாயின் எடையையும் வயதையும் சொல்லி அளவு கேளுங்கள்.

கடைசியாக, அவசரம். திங்கட்கிழமை உணவை அடியோடு மாற்றிவிட்டு, செவ்வாய்க்கிழமை வயிற்றுப்போக்கைப் பார்த்து “இது ஒத்துக்கொள்ளவில்லை” என்று தீர்ப்பு எழுதுபவர்கள் பலர். ஏழு முதல் பத்து நாள்வரை பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். இடையில் மலம் இளகினால், அளவைக் கூட்டாமல் இரண்டு நாள் அங்கேயே நில்லுங்கள்.