கவுன்சலரே ரகசியத்தை வெளியே சொல்லிவிட்டால்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

"உங்க அம்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன், அதுவும் உங்க நல்லதுக்குத்தான்." கவுன்சலிங் அறையில் பேசியது வீடு வந்து சேரும்போது நம் ஊரில் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. கேட்டதும் உடம்பு பதறும். அந்தப் பதற்றத்தில் நாம் செய்யும் சில காரியங்கள், வெளியே போன ரகசியத்தை இன்னும் நாலு பேருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகின்றன.

"அம்மாவிடம்தானே" என்று நாமே சமாதானமாகிவிடுவது முதல் தவறு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, சிகிச்சை தரும் மருத்துவத் துறையினர் எல்லோருக்கும் ரகசியம் காக்கும் கடமையை விதிக்கிறது. பெற்றவர், கட்டியவர் என்பதற்காக மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. நோயாளியின் பிரதிநிதியாக இருப்பவருக்குக்கூட, அந்தப் பொறுப்பைச் செய்யத் தேவையானதை மட்டுமே சொல்லலாம்.

அதற்காக வெளியே போன ஒவ்வொரு சொல்லும் துரோகம் ஆகிவிடாது. உயிருக்கு ஆபத்து, இன்னொருவருக்குத் தீங்கு நேரும் நிலை, நீதிமன்ற உத்தரவு ஆகியவற்றில் தேவையான அளவு சொல்ல அதே சட்டம் இடம் தருகிறது. தற்கொலை எண்ணத்தைச் சொன்னவரின் வீட்டாரை அழைத்த மருத்துவர் தன் வேலையைத்தான் செய்தார். 18 வயதுக்கு உட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆக வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது அடுத்த தவறுதான். கோபத்தில் கூகுள் ரிவ்யூவிலும் ஃபேஸ்புக்கிலும் முழுக் கதையையும் எழுதிவிடுகிறார்கள். கவுன்சலர் ஒரே ஒருவரிடம் சொன்னதை நாமே ஊருக்குச் சொன்னதாகிவிடும். அவதூறு வழக்குக்கும் வழி திறக்கும். புகார்க் கடிதத்திலும் இதே தவறு நடக்கிறது. கசிந்த விஷயம் என்ன என்பதைப் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியதில்லை. "இன்ன தேதி செஷனில் நான் சொன்ன அந்தரங்கத் தகவல், என் ஒப்புதல் இல்லாமல், இன்ன தேதியில் இன்னாரிடம் சொல்லப்பட்டது" என்றாலே தொடங்கப் போதும். விசாரணையில் கேட்டால் அப்போது, தேவைப்படும் அளவுக்கு மட்டும் சொல்லலாம்.

எழுதும் முன் யார் வழியாகப் போனது என்று நிதானமாகப் பாருங்கள். ரிசப்ஷனில் சத்தமாகக் கேட்ட கேள்வி, வீட்டு எண்ணுக்குப் போன வாட்ஸ்அப் செய்தி என்று வேறு ஓட்டைகளும் உண்டு. தகவல் யார் காதுக்குப் போனது, என்ன வார்த்தையில் போனது, எப்போது என்பதை நினைவு மங்குவதற்குள் குறித்து வையுங்கள். உங்கள் சிகிச்சை ஆவணங்களையும் எழுத்தில் கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதி.

புகாரைத் தவறான கதவில் தட்டி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. மனநல மருத்துவர் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில். மருத்துவமனையில் நடந்தது என்றால் முதலில் அதன் பொறுப்பாளர், பதில் திருப்தி இல்லையென்றால் மனநல மறுஆய்வு வாரியம், அதற்கும் மேலே மாநில மனநல ஆணையம். 'கவுன்சலர்' என்று போர்டு மாட்டியிருப்பவர் எதிலும் பதிவு செய்யாதவராகவும் இருக்கலாம். கட்டணம் வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். சொன்னதை வைத்துப் பணம் கேட்டு மிரட்டினால் மட்டும் இதற்கெல்லாம் காத்திருக்காமல் போலீசுக்குப் போங்கள்.

ரகசியத்தைச் சொன்னவர் மேல் உள்ள கோபத்தில் மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். மனச்சோர்வு மாத்திரைகள் பலவற்றைச் சட்டென்று விட்டால் தலைசுற்றல், தூக்கமின்மை, பதற்றம் வரலாம்; பழைய நோயும் திரும்பலாம். வேறு மருத்துவர் கிடைக்கும்வரை எந்த மருந்தை எப்படித் தொடர்வது என்று ஒரு டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். யாரிடமாவது பேசியே ஆக வேண்டிய இரவுகளுக்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 24 மணி நேரமும் இயங்குகிறது. புதியவரிடம் போகும்போது, உங்கள் கதையைத் தொடங்கும் முன்னே கேளுங்கள்: "நான் சொல்வதை எந்தச் சூழலில், யாரிடம் சொல்வீர்கள்? சொல்வதற்கு முன் என்னிடம் கேட்பீர்களா?" இதற்கு முகம் சுளிப்பவரிடம் அடுத்த செஷனுக்குப் பணம் கட்டாதீர்கள்.