கட்டற்ற மென்பொருளில் மின்னிசை: முதலில் பஃபரைக் கவனியுங்கள்

மின்னிசை அமைக்க விலையுயர்ந்த மென்பொருள் கட்டாயம் என்று நினைத்துத் தயங்காதீர்கள். எல்எம்எம்எஸ் (LMMS) என்ற கட்டற்ற இசையமைப்பு மென்பொருள் ஒன்றை நிறுவினாலே தாளம், பேஸ், மெட்டு மூன்றையும் அடுக்கிவிடலாம். சின்ஆட்சப்எஃப்எக்ஸ் (ZynAddSubFX) என்ற அருமையான சிந்தசைசரும் (மின்னணு முறையில் ஒலிகளை உருவாக்கும் கருவி) அதற்குள்ளேயே இருக்கிறது. குரல் பதிவுக்கு மட்டும் ஆர்டோர் அல்லது ஆடாசிட்டியை நாடுங்கள்.

பலர் மனம் தளர்வது வேறோர் இடத்தில். கணினியோடு இணைத்த மிடி கீபோர்டில் கட்டையை அழுத்துகிறோம். ஒலி ஒரு கணம் பிந்தி வருகிறது. உடனே மென்பொருள் சரியில்லை என்று மூடிவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் பஃபர் அளவுதான், அதாவது ஒலியை வெளியிடும் முன் கணினி சேர்த்துவைக்கும் மாதிரிகளின் (ஒலியின் நுண்துண்டுகளின்) எண்ணிக்கை. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில் 1024 அளவுள்ள பஃபர் ஏறத்தாழ 21 மில்லிநொடி தாமதம் தரும். அதை 256 ஆகக் குறைத்தால் ஐந்து மில்லிநொடியை ஒட்டி வந்துவிடும். விரலும் ஒலியும் ஒன்றாகச் சேர்ந்ததுபோல் இருக்கும். அந்த வேறுபாட்டை ஒருமுறை உணர்ந்தால் மறுபடி 1024-இல் வாசிக்க மனம் வராது!

பஃபரைக் குறைத்தபின் வெடிப்புச் சத்தம் கேட்டால், கணினி திணறுகிறது என்று பொருள். பஃபரை ஒரு படி ஏற்றுங்கள், அல்லது முடித்த தடங்களை வேவ் ஒலிக்கோப்பாக மாற்றி, அவற்றின் சிந்தசைசர்களை அணைத்துவிடுங்கள். நான் பரிந்துரைப்பது இரண்டாவது வழியைத்தான். வாசித்து முடித்து, தடங்களைச் சேர்த்துச் சீராக்கும் கலவைக்கு (மிக்சிங்) வரும்போது தாமதம் பொருட்டல்ல. அப்போது தயங்காமல் 1024-க்கே திரும்பலாம்.