ஹிப்போகாம்பஸுக்கு எல்லை வரைவது எப்படி? முதல்முறை வரைபவர்களுக்கு

காசிமேட்டில் வஞ்சிரம் வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். முள்ளுக்குக் குறுக்கே கத்தி நேராக இறங்கினால் துண்டு ஒரு மாதிரி வரும், சாய்ந்து இறங்கினால் அதே மீன் நீண்டு, பெரிய துண்டாகத் தெரியும். நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸை எம்ஆர்ஐ படத்தில் வரையும்போதும் முதல் வம்பு இதுதான்.

அதனால் முதலில் வெட்டும் கோணத்தை முடிவு செய்யுங்கள். முழு ஹிப்போகாம்பஸையும் அளக்க 2015இல் வந்த ஹார்ப் என்ற பொதுநெறி, மூளையின் நடுவில் முன்னும் பின்னும் உள்ள இரண்டு நரம்பு இணைப்புகளைச் சேர்க்கும் ஏசி-பிசி கோட்டை வைத்துப் படத்தை நேராக்கச் சொல்கிறது. உட்பகுதிகளைப் பிரிப்பவர்கள் பெரும்பாலும் ஹிப்போகாம்பஸின் நீளத்துக்குக் குறுக்கே ஸ்லைஸ் எடுப்பார்கள். எதுவானாலும் சரி, நடுவில் மாற்றாதீர்கள்.

அடுத்து ஐடிகே-ஸ்நாப் என்ற வரையும் மென்பொருளில் படத்தைத் திறந்து இடம் வலம் பாருங்கள். நோயாளியின் வலப்பக்கம் பெரும்பாலும் திரையின் இடப்பக்கம் இருக்கும். நான் இதைக் கவனிக்காமல் ஒரு வார வேலையைத் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

வரையத் தொடங்கும் முன் விதிகளைத் தாளில் எழுதுங்கள். இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போவார்கள். முன்பக்கம் அமிக்டலா என்ற இன்னொரு மூளைப் பகுதி ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டுக்கும் நடுவே அல்வியஸ் என்ற மெல்லிய வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று பக்கவாட்டுப் படத்திலும் தேடுங்கள். அந்தக் கோட்டைச் சேர்ப்பதா, விடுவதா? ஹார்ப் சேர்க்கிறது, வால் எனப்படும் பின்முனையையும் முழுதாகச் சேர்க்கிறது. விட்டால் உங்கள் கன அளவு குறையும், நோயால் சுருங்கியதாக யாராவது நினைக்கலாம்.

உட்பகுதிகளில் பாடு இன்னும் அதிகம். 2015இல் ஆய்வாளர்கள் ஒரே ஆளின் ஸ்கேனை 21 முறைகளில் பிரித்துப் பார்த்தார்கள். சிஏ1 என்ற உட்பகுதி முடிந்து சுபிகுலம் என்ற அடுத்த பகுதி தொடங்கும் இடத்தில்தான் அதிகம் முட்டிக்கொண்டார்கள். ராயபுரம் எங்கே முடிகிறது என்று இரண்டு ஆட்டோ அண்ணன்களிடம் கேட்ட கதைதான். வழக்கமான ஸ்கேனில் அந்த எல்லை கண்ணுக்குத் தெரியாது; வடிவத்தை வைத்து ஒரு விதி போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இனி வரையுங்கள். இரண்டு வாரம் கழித்து, பழையதைப் பார்க்காமல் மறுபடி வரையுங்கள். முதலில் 100 வோக்ஸல் (முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கட்டம்), பிறகு 110, இரண்டுக்கும் பொதுவானது 84 என்றால், 84ஐ இரட்டித்து 210ஆல் வகுக்க, இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் டைஸ் மதிப்பு 0.8. அந்த எண்ணோடு நிறுத்தாமல், இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து எந்த ஸ்லைஸில் விலகுகிறது என்று பாருங்கள். அந்த ஸ்லைஸுக்கான விதியைத் திருத்தி எழுதி, பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்து வரையச் சொல்லுங்கள்.