வார்கேமுக்கு கையால மலை, வீடு பண்றப்போ எங்கெல்லாம் சொதப்புவோம்

வார்கேம்னா மேசை மேல குட்டி பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடுற போர் விளையாட்டு, அதுக்கு வேண்டிய மலை, வீடெல்லாம் நாமளே பண்றப்போ மொதல்ல சொதப்புறது தெர்மாகோல் மேல ஸ்ப்ரே அடிக்கிறது. ரெண்டு நாள் உக்காந்து செதுக்கின மலை, ப்ரைமர் (பெயின்ட்டுக்கு முன்னாடி அடிக்கிற அடிப்பூச்சு) ஸ்ப்ரே டப்பாவ குலுக்கி ஒரு சுத்துதான் அடிச்சேன், கண்ணு முன்னாடியே பொத்து பொத்தா கரைஞ்சு உள்ள போயிடுச்சு. ஸ்ப்ரேல இருக்குற சால்வென்ட் பாலிஸ்டைரீனைக் கரைச்சிடும். டிவி பெட்டிக்குள்ள வர்ற வெள்ளை தெர்மாகோலும் பாலிஸ்டைரீன்தான், பிங்க் இல்ல நீல கலர்ல வர்ற எக்ஸ்பிஎஸ் ஃபோமும் அதேதான், அதனால கெட்டியா இருக்கேன்னு நம்பி ஃபோம் மேல அடிச்சிடாதீங்க. ஃபெவிகாலையும் கறுப்பு அக்ரிலிக் பெயின்ட்டையும் கலந்து பிரஷ்ல ரெண்டு கோட் போட்டு, நல்லா காஞ்சதும் மேல என்ன வேணா பண்ணிக்கலாம். ஆனா ஒரு இடுக்கு விட்டுப்போனாலும் ஸ்ப்ரே அதைத் தேடிப் போயி கடிக்கும், நான் இப்பல்லாம் ஃபோம்னா பிரஷ் மட்டும்தான்.

பசையிலயும் இதே கதைதான். சூப்பர் க்ளூ, செருப்பு ஒட்டுற ரப்பர் பசை எல்லாம் ஃபோமை அரிச்சிடும், ஹாட் க்ளூ ரொம்ப சூடா இருந்தா குழி விழும். ஃபெவிகால் சேஃப், ஆனா ரெண்டு ஃபோம் துண்டுக்கு நடுவுல காத்து போகாது, காய ரொம்ப நேரம் எடுக்கும். பல்குச்சி குத்தி நிறுத்திட்டு மறுநாள் வரைக்கும் கை வைக்காதீங்க.

அடுத்து அட்டை. பிஸ்கட் பெட்டி அட்டையை மலைக்கு அடிப்பலகையா வெச்சு, தண்ணி கலந்த ஃபெவிகால் தடவி மணல் தூவினா காலையில அப்பளம் மாதிரி வளைஞ்சு கெடக்கும். ஒரு பக்கம் மட்டும் ஈரமாகி சுருங்குறதுதான் காரணம். 3 மிமீ எம்டிஎஃப் பலகை வாங்கிக்கோங்க, அட்டைதான் இருக்குன்னா அடிப்பக்கமும் ஒரு கோட் குடுங்க, ரெண்டு பக்கமும் சமமா இழுக்கும்.

இப்போ எனக்கு ரொம்ப கடுப்பாகுற மேட்டர், பாக்க அட்டகாசமா இருக்கும் ஆனா வெச்சு ஆட முடியாது. நெஜ மலை மாதிரி சரிவா செதுக்கி வெச்சிருப்பாங்க, மினியேச்சர், அதான் ஆட்டத்துல வர்ற குட்டி பொம்மை, ஒண்ணு கூட நிக்காது, அதுவும் மெட்டல் ஃபிகர்னா சறுக்கி விழுந்து ஈட்டி வளைஞ்சு பெயின்ட் உரிஞ்சு போயிடும். படி படியா வெட்டுங்க. பொம்மை காலடியில இருக்குற தட்டு, அதாவது பேஸ், 25 மிமீ, 32 மிமீ னு இருக்கும், அதனால ஒவ்வொரு படியும் 4 செமீ அகலமாவது இருக்கட்டும். வீடு கட்டும்போது 28 மிமீ ஃபிகர்தானேன்னு 30 மிமீக்கு கதவு வெட்டிடுவாங்க. அந்த 28 பொதுவா பாதத்துல இருந்து கண்ணு வரைக்கும் உள்ள கணக்கு, மேல தலை இருக்கு, ஹெல்மெட் இருக்கு, கீழ பேஸ் வேற. பேஸோட ஒரு ஃபிகரை பக்கத்துல நிறுத்திப் பாத்துட்டு வெட்டுங்க. இடிஞ்ச கட்டடத்துல மாடி போட்டா கை உள்ள போகுதான்னு பாருங்க, இல்லேன்னா மாடியை கழட்டுற மாதிரி விடுங்க. காடுன்னா மரத்தை அடிப்பலகையில ஒட்டாதீங்க, படை உள்ள நுழையுறப்போ எடுத்து ஓரமா வைக்கணும்.

பெயின்ட்ல பெருசா ஒண்ணும் இல்ல. டிரை பிரஷ் (கிட்டத்தட்ட காஞ்ச பிரஷ்ஷால மேடான இடத்துல லேசா தேய்க்கிறது) பண்றப்போ பிரஷ்ஷை டிஷ்யூல நல்லா துடைச்சிட்டு ஆரம்பிங்க, பிரஷ் ஈரமா இருந்தா பாறை பாறையாவே இருக்காது. டீத்தூளை காய வெச்சு தரைக்கு தூவுற ஐடியா சூப்பர்தான், ஆனா மொறுமொறுன்னு காயணும், அரைகுறையா காஞ்சா ஒரு வாரத்துல பூஞ்சை புடிச்சு நெஜமாவே காடு வளரும். சூடான கம்பியால ஃபோமை வெட்டுற ஹாட் வயர் கட்டர் வெச்சிருக்கவங்க ஜன்னலைத் திறந்து வெச்சு வெட்டுங்க, அந்தப் புகை நல்லதில்ல.

பண்றதுக்கு முன்னாடி எங்க வைக்கப் போறோம்னும் அளந்துக்கோங்க. 6க்கு 4 அடி மேசை நிறைய பண்ணிடலாம், ஆட்டம் முடிஞ்சதும் அது எல்லாம் எங்க போகும்? என் மொத கோட்டை இன்னும் பீரோ மேலதான் உக்காந்திருக்கு, ரூம் கதவு வழியா வெளிய கொண்டு வரணும்னா ஒரு கோபுரத்தை அறுக்கணும்.