உயரம் பார்த்து எடுப்பதா, பாராமல் எடுப்பதா? இளம் ஹாக்கி தடுப்பாட்டக்காரர் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் உச்ச அரங்கமான என்எச்எல், ஆண்டுதோறும் டிராஃப்ட் எனப்படும் இளம் வீரர் தேர்வை நடத்துகிறது. இப்போது 32 அணிகள் 7 சுற்றுகளில் 224 பேரைத் தேர்ந்தெடுக்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் பதினெட்டு வயது பையன்கள். தாக்குதல் ஆட்டக்காரர் என்றால் அவர் அடித்த கோல்களைப் பார்த்து ஓரளவு மதிப்பிடலாம். தடுப்பாட்டக்காரரின் நல்ல வேலை பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அதனால்தான் அளவெடுக்க எளிதான உயரமும் எடையும் அவரைப் பற்றிய பேச்சில் முந்திக்கொள்கின்றன. உயரம் ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைப் பற்றிய பேச்சில் சில தவறுகள் ஆண்டுதோறும் அப்படியே திரும்பி வருகின்றன.

முதல் தவறு, ஒரே ஒரு பெயரை எடுத்துக்காட்டி வாதத்தை முடித்துவிடுவது. உயரம் வேண்டும் என்பவர் 6 அடி 9 அங்குலம் உயரமான ஸ்டெனோ சாராவைச் சொல்வார். வேண்டாம் என்பவர் 5 அடி 10 அங்குலம் உயரத்துடன் 2024இல் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பையை வென்ற குயின் ஹியூஸைச் சொல்வார். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், இரண்டாலும் எதுவும் நிரூபணமாவதில்லை. பெயர்களை விட்டுவிட்டு ஒரு முழு டிராஃப்ட்டை எடுத்துப் பார்ப்பது மேல். தடுப்பாட்டக்காரர்கள் நிறைந்த 2008ஆம் ஆண்டு டிராஃப்ட் அதற்கு ஏற்றது.

அந்த ஆண்டு இரண்டாவது இடம் முதல் ஐந்தாவது இடம் வரை எடுக்கப்பட்ட நால்வருமே தடுப்பாட்டக்காரர்கள்: ட்ரூ டவுட்டி, சாக் பொகோசியன், அலெக்ஸ் பியட்ராஞ்சலோ, லூக் ஷென். 12ஆவது இடத்தில் 6 அடி 8 அங்குலம் உயரமான டைலர் மையர்ஸ் போனார். அடுத்த இடத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் அணி 6 அடி 4 அங்குலம் உயரமான கோல்டன் டூபர்ட்டை எடுத்தது. 15ஆவது இடத்துக்கு முன்னேறுவதற்காக வேறோர் அணியுடன் இடம் மாற்றிக்கொண்ட ஒட்டாவா செனட்டர்ஸ், ஒல்லியான ஸ்வீடன் பையன் எரிக் கார்ல்சனை எடுத்தது. 38ஆவது இடத்தில் ரோமன் யோசி. 156ஆவது இடத்தில், 5 அடி 9 அங்குலம் உயரமே உள்ள ஜாரெட் ஸ்பர்ஜன்.

பின்னர் நடந்ததைப் பாருங்கள். மையர்ஸ் முதல் பருவத்திலேயே சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையை வென்றார். டூபர்ட் என்எச்எல்லில் 24 ஆட்டங்களோடு நின்றுபோனார். அடுத்தடுத்து எடுக்கப்பட்ட, உயரத்துக்காகவே பேசப்பட்ட இருவரின் கதை இப்படி இரு துருவமாகப் பிரிந்தது. கார்ல்சன் 2012, 2015, 2023 ஆகிய ஆண்டுகளிலும், டவுட்டி 2016இலும், யோசி 2020இலும் நாரிஸ் கோப்பையை வென்றனர்; மூவரில் எவரும் 6 அடி 1 அங்குலத்தைத் தாண்டியவர் அல்லர். இதை வைத்துக்கொண்டு உயரமானவர்களை எடுத்ததே தவறு என்று சொல்லிவிடவும் முடியாது. 6 அடி 3 அங்குலம் உள்ள பியட்ராஞ்சலோ, என்எச்எல் சாம்பியன் அணிக்குரிய ஸ்டான்லி கோப்பையை இரண்டு முறை வென்றவர், ஷென்னும் அப்படியே.

இங்கிருந்துதான் இரண்டாவது தவறு புரியும். விவாதம் எப்போதும் உயரமானவரா குட்டையானவரா என்றே நடக்கிறது. உயரமானவர்களுக்குள் யார் தேறுவார் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. 2012ஆம் ஆண்டு டிராஃப்ட்டில் முதல் பத்து இடங்களில் எட்டுப் பேர் தடுப்பாட்டக்காரர்கள். நான்காவது இடத்தில் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி எடுத்த கிரிஃபின் ரெய்ன்ஹார்ட் 6 அடி 4 அங்குலம். மூன்று ஆண்டுகள் கழித்து எட்மன்டன் அணி அவரைப் பெறுவதற்காக அந்த ஆண்டு டிராஃப்ட்டில் தனக்கிருந்த 16ஆவது, 33ஆவது தேர்வு இடங்கள் இரண்டையும் ஐலண்டர்ஸுக்குக் கொடுத்தது. அந்த 16ஆவது இடத்தில் ஐலண்டர்ஸ் அணிக்கு மேத்யூ பார்சல் கிடைத்தார். ரெய்ன்ஹார்ட் மொத்தம் ஆடியது 37 என்எச்எல் ஆட்டங்கள். அதே 2012இல் 6 அடி 6 அங்குலம் உயரமான கோல்டன் பராய்கோ 86ஆவது இடம் வரையிலும், 6 அடி 3 அங்குலம் உயரமான ஜேக்கப் ஸ்லாவின் 120ஆவது இடம் வரையிலும் யாரும் எடுக்காமல் கிடந்தார்கள். பராய்கோ அதற்கு முந்தைய ஆண்டே தேர்வுக்குத் தகுதி பெற்றிருந்தும் எந்த அணியும் அவரைச் சீண்டவில்லை. ஏறக்குறைய ஒரே உயரமுள்ள மூவரைப் பிரித்துக் காட்ட உயரத்தால் முடியவில்லை. சறுக்கும் திறனும் ஆட்டத்தைப் படிக்கும் வேகமும்தான் பிரித்துக் காட்டின.

அந்தத் திறன் எங்கே தெரியும் என்றால், மூலையில் தெரியும். எதிரணி பக் எனப்படும் ரப்பர் வட்டை நம் எல்லைக்குள் தட்டிவிட்டுத் துரத்தி வருகிறது. தடுப்பாட்டக்காரர் திரும்பி, முதுகைக் காட்டியபடி பலகைச் சுவரை நோக்கி ஓட வேண்டும். பின்னால் ஒருவர் மோதுவதற்காகவே முழு வேகத்தில் வந்துகொண்டிருக்கிறார். இந்த இரண்டு மூன்று விநாடிகளில் பையனின் கையைப் பார்க்காதீர்கள், தலையைப் பாருங்கள். பக்கைத் தொடுவதற்கு முன் அவன் தோளுக்கு மேல் எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறான்? ஒரு முறைகூடப் பார்க்காதவன் எவ்வளவு உயரமாக இருந்தாலும் பக்கைக் கண்ணாடி ஓரமாகக் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடுவான். அது மீண்டும் எதிரணியிடமே போய்ச் சேரும். இரண்டு முறை பார்த்துவிட்டவன், குட்டையாக இருந்தாலும், மோத வருபவரை ஒரு பக்கம் ஏமாற்றி மறுபக்கம் சுழன்று, முதல் பாஸைக் கொடுத்துவிட்டு நகர்ந்திருப்பான். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஐஸில் அது உருவகம் அன்று, பெரிய உடம்பைத் திருப்புவதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது.

மூன்றாவது தவறு, உயரம் எதற்குப் பயன்படுகிறது என்பதையே தவறாகப் புரிந்துகொள்வது. உயரமான தடுப்பாட்டக்காரர் என்றதும் மோதித் தள்ளுபவர் என்ற படம் மனத்தில் எழுகிறது. 2004-05 பருவம் முழுவதும் அணி உரிமையாளர்கள் செய்த கதவடைப்பில் ரத்தான பிறகு, இழுப்பதையும் பிடிப்பதையும் நடுவர்கள் கறாராகத் தண்டிக்கத் தொடங்கினார்கள்; நடுக்கோட்டைத் தாண்டிச் செல்லும் நீண்ட பாஸும் அனுமதிக்கப்பட்டது. கடந்து செல்பவரைக் கையால் பிடித்து நிறுத்தும் பழைய வேலை அதோடு போயிற்று. இன்று உயரம் தரும் பெரிய ஆதாயம் கை எட்டும் தொலைவுதான். ஆட்ட மட்டையின் நீளம் 63 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. 6 அடி 6 அங்குலமோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கு மட்டும் 65 அங்குலம் வரை விலக்கு உண்டு. நீண்ட கையும் நீண்ட மட்டையும் சேரும்போது, தன்னைக் கடக்க நினைப்பவருக்கு அவர் விடும் வழி மிகவும் குறுகிவிடுகிறது. ஸ்லாவின் இதற்கு நல்ல சான்று. நாகரிகமான ஆட்டத்துக்கான லேடி பிங் கோப்பையை 2021, 2024 என இரண்டு முறை பெற்ற அவர், மோதலைவிட மட்டையின் முனையால்தான் அதிகம் தடுக்கிறார். ஆகவே பெரிய பையனை மதிப்பிடும்போது அவன் எத்தனை பேரைச் சுவரில் மோதினான் என்று எண்ணுவது வீண். இளையோர் லீக்கில் தன்னைவிடச் சிறிய பதினாறு வயதுப் பையன்களை மோதி வீழ்த்தும் வித்தை, வளர்ந்த ஆண்களிடம் செல்லாது.

நான்காவது தவறு மறுபக்கத்தில் இருப்பவர்கள் செய்வது. இப்போதெல்லாம் இதுதான் அதிகம் என்பது என் எண்ணம். கேல் மக்கார், ஆடம் ஃபாக்ஸ், ஹியூஸ், 2022இல் 62ஆவது இடத்தில் எடுக்கப்பட்டு 2025இல் கால்டர் கோப்பையை வென்ற 5 அடி 9 அங்குல லேன் ஹட்சன் என்று உயரம் குறைந்த நட்சத்திரங்களைப் பட்டியலிட்டு, உயரம் பழங்கதை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இந்தப் பட்டியலில் இருப்பவர்கள் எல்லாரும் தேறியவர்கள். தேறாத குட்டையானவர்களின் பெயர் எவருக்கும் நினைவில் இல்லை. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் வழக்கமாக ஆறு தடுப்பாட்டக்காரர்களை இறக்குகிறது. எதிரணியில் ஆள் குறையும்போது ஆடும் பவர் பிளே அணியில், இன்று பெரும்பாலும் நான்கு தாக்குதல்காரர்களும் ஒரே ஒரு தடுப்பாட்டக்காரரும்தான். முதல் பவர் பிளேயை நடத்தும் அந்த ஒற்றை இடத்தைப் பிடிக்கும் அளவுக்கு ஆற்றல் உள்ளவருக்கு உயரம் தடையாக இருப்பதில்லை. அதற்கு ஒரு படி கீழே நிற்கும் குட்டையான தாக்குதல் பாணிப் பையனுக்குத்தான் சிக்கல்: முதல் பவர் பிளேயில் இடமில்லை, ஆள் குறைவான நேரத்தில் கோல் முன்னால் நின்று தடுப்பதற்குப் பயிற்சியாளர் அவரை நம்புவதுமில்லை. தன் அணியில் அந்த ஒற்றை இடம் காலியாக இருக்கிறதா என்பதைப் பார்க்காமல் இளையோர் லீக் புள்ளிக் கணக்கை (கோல்களும் கோலுக்கு வழிவகுத்த பாஸ்களும் சேர்ந்தது) மட்டும் பார்த்து எடுப்பது, உயரத்தை மட்டும் பார்த்து எடுப்பதற்குச் சற்றும் குறைந்த தவறு அன்று.

வெற்றி பெற்ற அணியைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்வதும் இதோடு சேர்ந்ததே. 2023இல் வேகஸ் அணி, 6 அடிக்குக் குறையாத தடுப்பாட்டக்காரர்களைக் கொண்டு ஸ்டான்லி கோப்பையை வென்றதும் எல்லாருக்கும் உயரம் வேண்டும் என்றாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு கோப்பையை வென்ற கொலராடோவின் உயிர்நாடி 5 அடி 11 அங்குலம் உள்ள மக்கார்.

பிறந்த தேதியைப் பாராமல் உடம்பைப் பார்ப்பது இன்னொரு தவறு. தேர்வுக்கான வயதுக் கணக்கு செப்டம்பர் 15இல் முடிகிறது. செப்டம்பர் 17இல் பிறந்த ஆஸ்டன் மேத்யூஸ் இரண்டு நாள் வித்தியாசத்தில் 2015ஐத் தவறவிட்டு 2016இல்தான் எடுக்கப்பட்டார். ஆகவே ஒரே டிராஃப்ட்டில் நிற்கும் இருவருக்குள் கிட்டத்தட்ட ஓராண்டு வயது வேறுபாடு இருக்கலாம். பதினேழு, பதினெட்டு வயதில் ஓராண்டு என்பது தோள் அகலத்திலும் தொடை வலுவிலும் பெரிய வேறுபாடு. கனடாவில் விடியுமுன் பிள்ளைகளை ஐஸ் அரங்குக்கு அழைத்துப் போகும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: ஜனவரியில் பிறந்த பையனும் டிசம்பரில் பிறந்த பையனும் அங்கே ஒரே பிரிவில்தான் ஆடுகிறார்கள். உயரத்தையும் எடையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. எடை ஏறும், எலும்பின் நீளம் ஓரளவுக்கு மேல் ஏறாது. 6 அடி உயரமுள்ள ஒல்லிப் பையனையும் 5 அடி 9 அங்குலம் உயரமுள்ள கட்டான பையனையும் ஒரே சொல்லால் சிறியவர்கள் என்பது சோம்பேறித்தனம். கார்ல்சன் முதல் வகை. 2022-23 பருவத்தில் அவர் 101 புள்ளிகள் எடுத்தார்.

கடைசியாக, பொறுமையின்மை. தடுப்பாட்டக்காரர்கள் மெதுவாக முதிர்பவர்கள், மிக உயரமானவர்கள் இன்னும் மெதுவாக. சாராவை 1996இல் 56ஆவது இடத்தில் எடுத்தது நியூயார்க் ஐலண்டர்ஸ். ஐந்து ஆண்டுகளில், 2001இல், அவரை ஒட்டாவாவுக்குக் கொடுத்துவிட்டது. அவர் நாரிஸ் கோப்பையைத் தொட்டபோது 32 வயது. தடுப்பாட்டக்காரர்களிலேயே மிக அதிகமாக 1,680 ஆட்டங்கள் ஆடிவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். ஸ்பர்ஜனை 2008இல் 156ஆவது இடத்தில் எடுத்ததும் அதே ஐலண்டர்ஸ்தான். அவரோடு ஒப்பந்தம் போடாமலே விட்டுவிட்டார்கள். 2010இல் மினசோட்டா அணி சேர்த்துக்கொண்டது, 2021இல் தலைவராகவும் ஆக்கியது.