நாய் கடித்த கோழியை எப்படித் தேற்றுவது

கோழி அலறும் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் முற்றம் முழுக்க இறகு, நாய் வேலியைத் தாண்டி ஓடுகிறது, கோழியோ வைக்கோல் போருக்கு அடியில் கண்ணை மூடி ஒடுங்கிக் கிடக்கிறது. இந்த நேரத்தில் நம் வீடுகளில் நடப்பது என்ன? தூக்கி வந்து வெளிச்சத்தில் போட்டு, நாலு பேர் சுற்றி நின்று இறகை விலக்கி விலக்கிப் பார்த்து, மஞ்சள்பொடியை அள்ளி அப்பி, வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவோம். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். முதல் ஒரு மணி நேரத்தில் கோழியைக் கொல்வது பெரும்பாலும் காயம் இல்லை, அதிர்ச்சி. அதோடு நம் கை வேறு சேர்ந்துகொள்ளும்.

ரத்தம் கொட்டுகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். கொட்டினால் சுத்தமான பருத்தித் துணியை மடித்து வைத்து அஞ்சு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், நின்றதா நின்றதா என்று நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். அப்புறம் பழைய துணி விரித்த அட்டைப்பெட்டியில் வைத்து, காற்றுக்கு இடம் விட்டுச் சாக்கால் மூடி, சத்தமில்லாத இடத்தில் விட்டுவிடுங்கள். பஞ்சாரமும் சரிதான், மேலே சாக்கு போட்டால் போதும். நாயும் பூனையும் பிள்ளைகளும் அண்டாத அறையாக இருக்கட்டும். கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், அதாவது தொட்டால் நம் கைக்கு நன்றாகச் சுட வேண்டும். காலும் கொண்டையும் சில்லென்று இருந்தால் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு ஓரமாக வையுங்கள், சூடு போதும் என்றால் மற்ற ஓரத்துக்கு அதுவே நகர்ந்துகொள்ளும். சித்திரை வெயிலில் இதெல்லாம் வேண்டியிருக்காது.

ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர். மருந்துக்கடை ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுக்குக் கரைத்து, அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக வையுங்கள், அதுவே நக்கிக் குடிக்கும். வாயைத் திறந்து ஊற்றவே கூடாது. மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்கு நேர் பின்னால் இருப்பதால் ஊற்றுவது நுரையீரலுக்குப் போய்விடும்.

காயத்தைப் பார்க்க இருட்டிய பிறகுதான் நல்ல நேரம், கோழி அடங்கி இருக்கும். துண்டில் சுற்றித் தலையை மூடி, ஒருவர் பிடிக்க ஒருவர் டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற கிழிசலோடு நிறுத்திவிடாதீர்கள். இறக்கைக்கு அடியில், வாலடியில், தொடையில், ஆசனவாய்க்குக் கீழே என்று இறகை ஊதி ஊதித் தோலைப் பார்க்க வேண்டும். நாய்ப்பல் போட்ட ஓட்டை வெளியே மிளகு அளவுதான் இருக்கும், உள்ளே சதை கிழிந்து குழியாகிக் கிடக்கும்.

இதை நான் படித்தது ஒரு செவலைப் பெட்டையிடம். முதுகுத் தோல் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து தொங்கியதைப் பார்த்துப் பதறி மஞ்சளை அப்பினேன், ரத்தம் நின்றது, நிம்மதியாக இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தால் நாற்றம். மஞ்சள் காய்ந்து ஓடு மாதிரி நிற்க, அதன் ஓரத்தைத் தூக்கினால் கீழே புழு நெளிகிறது. தொடையில் இன்னும் ரெண்டு ஓட்டை இருந்ததையே அன்றைக்குத்தான் பார்த்தேன். மஞ்சளைக் குறை சொல்லவில்லை, ஆனால் கழுவாத காயத்தை மூடி மறைக்க அதைப் போடாதீர்கள்.

காயத்தைச் சுற்றியுள்ள இறகைக் கத்தரியுங்கள், பிடுங்காதீர்கள். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, தலைதட்டிய ஒரு டீஸ்பூன் உப்புக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் பீய்ச்சி மண்ணும் எச்சிலும் போகும்வரை கழுவுங்கள். அப்புறம் போவிடோன் அயோடினைத் தண்ணீர் விட்டு, பால் விடாத வெளிர் டீ நிறத்துக்குக் கலந்து தடவலாம். தோல் உரிந்த இடத்துக்கு, தீக்காயத்துக்குப் போடும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு நன்றாகக் கேட்கிறது. ஆழமான ஓட்டையை அடைக்கவோ தைக்கவோ போகாதீர்கள், அழுக்கு உள்ளே தங்கிச் சீழ் பிடிக்கும். நமக்குப் போடும் மரத்துப்போகும் களிம்பு, வலி மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டவும் கூடாது. கோழிக்கு உதரவிதானம் கிடையாது, மார்பெலும்பு ஏறி இறங்கினால்தான் மூச்சு.

சிலதை வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது. தோலுக்கடியில் காற்றேறிப் பலூன் மாதிரி உப்பினால் உள்ளே காற்றுப்பை கிழிந்திருக்கலாம். குடித்த தண்ணீர் கழுத்துக் காயத்தில் கசிந்தால் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையில் ஓட்டை. வாயைத் திறந்தபடி வால் ஆட ஆட மூச்சு வாங்குவது, எலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது, இவையும் அப்படித்தான். இறக்கையின் மேல் எலும்பு உடைந்து திறந்திருந்தால் அங்கே தண்ணீர் பீய்ச்சவே கூடாது, அந்த எலும்பின் உட்குழல் மூச்சுப் பாதையோடு சேர்ந்தது. பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், இல்லையென்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு அழைத்துக் கேளுங்கள். குடல் வெளியே வந்துவிட்ட கோழியை வைத்துக்கொண்டு இழுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

பூனை கடித்திருந்தால் காயம் சின்னதாகவே இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள், பூனை எச்சிலில் உள்ள கிருமி ரத்தத்தில் கலந்தால் ரெண்டே நாளில் கோழியை முடித்துவிடும். ஆன்டிபயாடிக் கொடுத்தால் எத்தனை நாளைக்கு முட்டையைச் சாப்பிடக் கூடாது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, கோழியைப் பிடுங்கும்போது நாய் உங்களையும் கீறியிருந்தால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். கோழி பெட்டியில் காத்திருக்கும்.

இரண்டாம் நாளிலிருந்து எதிரி ஈதான். முட்டை வைத்தால் ஒரே நாளில் புழு. பெட்டிக்குக் கொசுவலை போடுங்கள், எச்சம் பட்ட துணியை மாற்றிக்கொண்டே இருங்கள், காலையும் மாலையும் மோந்து பாருங்கள். கூச்சமாக இருக்கும், ஆனால் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் தெரியும். காயத்தைச் சுற்றி, காயத்துக்குள் இல்லை, வேப்பெண்ணெய் தடவினால் ஈ அவ்வளவாக அண்டாது. புழு வைத்துவிட்டால் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி உப்புத்தண்ணீரில் கழுவ வேண்டும், மறுநாளும் பார்க்க வேண்டும்.

தீனிக்கு அவித்த முட்டையை உதிர்த்துக் கம்போடு பிசைந்து வைத்தால், மறுநாளும் முகம் திருப்பும் கோழி கொஞ்சமாவது கொத்தும். எச்சம் பச்சையாகப் போனால் பெரும்பாலும் வயிறு காலி என்று அர்த்தம்.

காயம் மூடித் தோல் காயும்வரை மற்றவையோடு விடாதீர்கள். சிவப்பைக் கண்டால் கூடப் பிறந்ததே கொத்திக் குதறும். ஆனால் கண்ணுக்கெட்டாமல் ஒதுக்கி வைத்தாலும் திரும்பி வரும்போது அந்நியமாகப் பார்த்து விரட்டும், அதனால் பஞ்சாரத்தை மற்றவை மேயும் இடத்துக்கு அருகிலேயே வையுங்கள். முட்டையைச் சில வாரங்களுக்கு எதிர்பார்க்காதீர்கள். என் செவலை அஞ்சு வாரம் கழித்து இட்டது. உரிந்த முதுகில் இறகு முளைத்தது, அந்த உள்ளங்கை அகலம் மட்டும் வெள்ளையாக.