பழைய பைபர் படகின் வழுக்காத் தளத்தைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் வாடைக்காற்றும் மழையும் கடலை மூடிவிடும் மாதங்களில் படகுகள் கரையேற்றப்பட்டுக் கிடப்பதால், தேய்ந்துபோன மேல்தளப் பூச்சை அப்போதே மாற்றிவிடலாம் எனப் பலர் எண்ணுகிறார்கள். முதல் தவறு இதுதான். புதிய பூச்சு சில மாதங்களில் உரிந்தால் பூச்சைக் குறைசொல்வது வழக்கம். பெரும்பாலும் குற்றம் அதற்கு அடியிலுள்ள ஈரத்தில் இருக்கிறது.

பழைய படகுகள் பலவற்றின் மேல்தளம் இரண்டு பைபர் அடுக்குகளுக்கு நடுவே ஒட்டுப்பலகையையோ பால்சா மரத்தையோ வைத்துக் கட்டப்பட்டது. கயிறு கட்டும் பிடிகளின் ஆணித்துளைகள் வழியே இறங்கும் நீர் அந்த மரத்தை ஊறவைத்து, நாளடைவில் உளுத்துப்போகச் செய்கிறது. படகின் முன்பக்கமான அணியத்திலிருந்து தொடங்கி, ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் சாண் இடைவெளியில் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இடம் ‘டக்’ என்று கூர்மையாக ஒலிக்கும். ஊறிய இடம் அமுங்கிய குரலில் ‘தொப்’ என்னும். பிடியின் ஆணியைக் கழற்றும்போது துளையில் பழுப்பு நீர் கசிந்தால், மேற்பகுதியை வெட்டித் திறந்து மரத்தை மாற்றாமல் பூச்சு வேலையைத் தொடங்குவது பணத்தைக் கடலில் கொட்டுவதே ஆகும்.

அப்படித் திறந்த இடத்தை மூடப் பலர் மலிவான பொலியெஸ்டர் ரெசினையே நாடுகிறார்கள். ஆனால் ஏற்கெனவே இறுகிய பழைய பைபரில் எப்பொக்சி அதைவிட உறுதியாகப் பற்றும். எப்பொக்சியோடு சாதாரண வெட்டிழை மேட்டை (துண்டுதுண்டாக வெட்டிய கண்ணாடியிழைகளைப் பசையால் பிணைத்த விரிப்பு) சேர்ப்பது மற்றொரு தவறு: அந்த இழைகளைப் பிணைக்கும் பசை பொலியெஸ்டரிலுள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைவதற்கென்றே செய்யப்பட்டது, எப்பொக்சியில் அது கரையாததால் மேட் விறைத்து நின்று, வளைவுகளில் படியாது. நெய்த கண்ணாடித் துணியே பொருத்தம். எப்பொக்சி இறுகியபின் மேலே மெழுகுபோன்ற படலம் தோன்றினால், அதை நீரால் தேய்த்துக் கழுவிய பின்னரே சாண்ட்பேப்பர் போட வேண்டும்.

இதே ஒழுங்கு தளம் முழுவதற்கும் பொருந்தும். மீனெண்ணெயும் மெழுகும் பதிந்துள்ள தளத்தை முதலில் சாண்ட்பேப்பரால் தேய்த்தால் அவை கீறல்களுக்குள் புகுந்துவிடும். சவர்க்காரமும் நன்னீரும் கொண்டு கழுவி, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, துணியை அடிக்கடி மாற்றி, அதன்பின் தேய்க்க வேண்டும். சிறிது நீரைத் தெளித்தால் அது முத்துமுத்தாகத் திரளாமல் பரவி நிற்பதே தளம் தயாரானதற்கு அடையாளம்.

கால் வழுக்காதிருக்கப் பூச்சில் சேர்க்கும் மணல் கண்முன்னே இலவசமாகக் கிடப்பதால் வரும் தவறு வேறு. உப்புவெளிக் கரையில் அள்ளிய மணலில் உப்பும் சிப்பித்தூளும் இருக்கும். உப்பு பூச்சுக்கடியில் நீரை இழுத்துக் கொப்புளமாக்கும், சிப்பித்தூள் மிதிபட்டு நொறுங்கும். (புல்மோட்டையின் கரிய கனியமணலைக் கேட்பவர்களும் உண்டு, அது கனம் கூடியதால் பெயின்ட் வாளியின் அடியில் தங்கிவிடும்.) கழுவிச் சலித்த சிலிக்கா மணலே போதும். அதையும் வாளியில் கலந்து உருட்டினால் ஓரிடத்தில் திட்டாகவும் ஓரிடத்தில் வெறுமையாகவும் படியும். முதற்பூச்சு ஈரமாக இருக்கும்போது பூச்சே தெரியாதபடி மணலைத் தூவி, இறுகியபின் ஒட்டாததைக் கூட்டியெடுத்து, அதன்மேல் இரண்டு மெல்லிய பூச்சுகள் கொடுப்பதே முறை. தடித்த மேற்பூச்சு மணலின் முனைகளை மூடி வழுக்கலையே திருப்பித் தரும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் தளம் நன்றாகக் காயும், ஆனால் தூசியும் பறக்கும். எனவே பனி உலர்ந்த காலைப்பொழுதே பூசுவதற்கு உகந்தது. நண்பகலில் சுடும் தளத்தில் பூச்சு பரவுமுன் தோல்கட்டும், மாலையில் பூசியதை இரவுப் பனி மங்கச் செய்யும். இரண்டு பகுதிகளைக் கலக்கும் பொலியூரித்தேன் பெயின்டிலுள்ள ஐசோசயனேற்று நுரையீரலைக் கெடுக்கக்கூடியது. அதைத் தெளிப்பானால் அடிக்காமல், காற்றோட்டமான இடத்தில் உருளையால் பூசுவதே பாதுகாப்பு. வெறுங்காலோடு வேலை செய்பவர்களின் படகுக்குக் கரும்பச்சை, நீலம் போன்ற நிறங்கள் வேண்டாம். வெளிர்சாம்பல் சூட்டையும் குறைக்கும், கண்ணையும் கூசவைக்காது.

மூடிகளின் ஓரத்திலும் நீர்போக்கிகளைச் சுற்றியும் இரண்டு விரலளவு வழுவழுப்பான இடம் விட வேண்டும், இல்லையேல் அழுக்கு நீர் அங்கே தேங்கும். எல்லையில் ஒட்டிய டேப்பைக் கடைசிப் பூச்சு இறுகுமுன் உரித்துவிட வேண்டும். கழற்றிய பிடிகளைத் திரும்பப் பூட்டும்போது பழைய துளைகளைப் பெரிதாக்கி, எப்பொக்சியால் நிரப்பி, இறுகியபின் நடுவே புதிதாகத் துளையிட்டு, கடலுக்கேற்ற சீலன்ட் வைத்து முடுக்கினால் நீர் மீண்டும் மரத்துக்குள் இறங்க வழியிராது.